கோல்ப் மைதானப் படமும் நம் லயத்துச் சுவரும்

நுவரெலியா பஸ் நிலையத்தில் இறங்கி நகருக்குள் நடக்கும் எவரும் அந்தப் படத்தைப் பார்க்காமல் போக முடியாது. ஹோட்டல் சுவரில் இருக்கும், தபாலட்டையில் இருக்கும், கடைக்காரர் வருடப் பிறப்புக்குத் தரும் கலண்டரில் இருக்கும். கம்பளம் விரித்தாற்போல் பச்சைப் புல். அதில் கடும்பச்சையும் இளம்பச்சையுமாக மாறி மாறி ஓடும் பட்டைகள். ஓரத்தில் சைப்ரஸ் மரங்கள் நீள நிழல் விழுத்தி நிற்கின்றன. நடுவே ஒரு சின்னக் கொடி. பின்னால் மூட்டம் விலகும் மலை. மருந்துக்கும் ஒரு மனிதர் இல்லை.

அழகில்லை என்று சொல்ல மாட்டோம். அழகாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுச் சுவரிலும் அப்படியொரு கலண்டர் தொங்குகிறது. ஆனால் அதே மைதானத்தின் ஓரமாக மத்தியான வேளையில் சாமான் பையோடு நாம் எல்லோரும் நடந்து போயிருக்கிறோம். அப்போது அது வெறும் புல்வெளி. வெயில் தலைக்கு மேல் நிற்க, பச்சையெல்லாம் வெளிறி, மேடெது பள்ளமெது என்று தெரியாமல் கிடக்கும். படத்தில் இருப்பதும் இதுவும் ஒரே இடம்தானா என்று கேட்கத் தோன்றும்.

ஒரே இடம்தான். படம் எடுத்த நேரம் வேறு, எடுத்தவர் நின்ற இடம் வேறு, எடுப்பதற்கு முன்னால் அங்கே நடந்த வேலை வேறு. இதைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறோம். சங்கப் பத்திரிகையில் சம்பளப் பேச்சை விட்டுவிட்டுக் கோல்ப் படத்தைப் பற்றி என்ன எழுத்து என்று சில தோழர்கள் கேட்பார்கள். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள். இது நம் லயத்துப் பின்சுவர் வரைக்கும் வரும் சங்கதி.

இந்த நாட்டுக்குக் கோல்பும் தேயிலையும் ஒரே கூட்டத்தாரோடு வந்தவை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டது 1867இல். கொழும்பில் கோல்ப் கழகம் தொடங்கியது 1879இல். களனிவெளி புகையிரதப் பாதை இன்றைக்கும் அந்த மைதானத்துக்குள்ளால் போகிறது. நுவரெலியாக் கழகம் 1889இல் வந்தது. கோப்பி நோய் பிடித்து அழிந்து, தேயிலை மலைமலையாக ஏறிக்கொண்டிருந்த காலம் அது. துரைமார் விளையாட வெட்டப்பட்ட புல்லும், நம் பாட்டன் பாட்டி காடழித்து நட்ட தேயிலையும் அண்டை அயலாக வளர்ந்தன. இன்று இரண்டும் ஒரே கலண்டரில் அடுத்தடுத்த மாதங்களாகத் தொங்குகின்றன.

எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் கோல்ப் மைதானமொன்றில் சில வருடங்களாகப் புல் வெட்டும் வேலை செய்கிறார். பெயரும் இடமும் வேண்டாம், வேலைக்கு ஆபத்து வரக் கூடாது. படம் எடுக்க வருகிறவர்களை அவர் கிட்ட நின்று பார்த்திருக்கிறார். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது அவர் சொல்லச் சொல்ல, நாங்கள் தேநீர் ஆறுவதையும் மறந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

கெமராக்காரர் விடியுமுன்பே வந்துவிடுவாராம். மைதானத்தின் அழகு நிலத்தின் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. கொடி நிற்கும் அந்த வழுவழுப்பான இடம் தட்டையாகத் தெரிந்தாலும் தட்டையல்ல. பந்தை ஏமாற்றுவதற்கென்றே மெல்லிய மேடும் சரிவும் வைத்து அமைத்திருப்பார்கள். உச்சி வெயிலில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே வெளிச்சம் விழுவதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சூரியன் மலைக்கு மேல் ஒரு முழம் மட்டும் ஏறியிருக்கும்போது வெளிச்சம் பக்கவாட்டில் வந்து தரையை உரசிக்கொண்டு போகும். அப்போது விரல் உயர மேட்டுக்கும் நிழல் விழும். நிழல் விழுந்தால்தான் நிலம் உருண்டு திரண்டு தெரியும். இந்த நேரம் நீண்டால் ஒரு மணித்தியாலம். அதற்குப் பிறகு கெமராவைப் பையில் போட்டுவிட்டுப் போய், பின்னேரம் வெயில் சாய்ந்த பிறகுதான் மறுபடி வருவார்களாம்.

சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டும் எடுக்க மாட்டார்களாம். நாமெல்லாம் கலியாண வீட்டில் அப்படித்தான் எடுக்கிறோம், முகம் வெளிச்சமாக வர வேண்டுமென்று. ஆனால் அப்படி எடுத்தால் மேட்டின் நிழல் மேட்டுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். சூரியன் இடது தோளிலோ வலது தோளிலோ இருக்க வேண்டும். அதோடு உயரமும் வேண்டும். தரையில் நின்று எடுத்தால் பெரிய மைதானமும் ஒரு பச்சைக் கோடாக ஒடுங்கிப் போகும். ஆகவே ஏணி கொண்டு வருவார்கள், இப்போது ட்ரோன் விடுகிறார்கள். பத்தடி மேலே போனதும் மணற்குழியின் வளைவும் தண்ணீரின் ஓரமும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும்.

புல்லில் ஓடும் அந்தப் பட்டைகளைப் பற்றியும் கேட்டோம். இரண்டு சாதிப் புல் நட்டிருக்கிறார்கள் என்றே எங்களில் பலர் நினைத்திருந்தோம். புல் ஒன்றுதான். வெட்டும் இயந்திரத்தின் உருளை புல்லைப் போகிற பக்கம் சாய்த்துவிட்டுப் போகும். நம்மை விட்டு அப்பால் சாய்ந்த புல் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் வெளிறித் தெரியும், நம் பக்கம் சாய்ந்தது கறுத்துத் தெரியும். வெல்வெட் துணியைக் கையால் இப்படியும் அப்படியும் தடவிப் பாருங்கள், அதே வித்தைதான்.

அந்த வித்தை தானாக நடப்பதில்லை. கொடி நிற்கும் இடத்துப் புல் மூன்று நான்கு மில்லிமீற்றர் உயரத்தில் வெட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரு நாள் விட்டாலும் படத்தில் காட்டிக்கொடுத்துவிடும். படம் எடுக்கும் நாளென்றால் இருட்டிலேயே வெட்டத் தொடங்க வேண்டும். மணற்குழியை வாருகிறவர் பின்பக்கமாக நடந்து, தன் காலடியைத் தானே வாரி அழித்துக்கொண்டு வெளியே வருவாராம். எல்லாம் முடிந்ததும் இயந்திரத்தையும் தள்ளுவண்டியையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் முதல் படம். "நாங்க வெட்டாத புல்ல அவங்களால எடுக்க முடியாது, நாங்க நின்னாலும் எடுக்க முடியாது" என்று தம்பி சிரித்துக்கொண்டே சொன்னார்.

தை மாதம் நுவரெலியாப் பக்கம் விடியற்காலையில் தரையில் உறைபனி விழும். புல்நுனி ஒவ்வொன்றும் உப்புத் தூவியதுபோல் வெள்ளையாக நிற்கும். கோல்ப் மைதானத்தில் அதைப் படமெடுக்க ஆட்கள் ஓடி வருகிறார்கள். அதே பனி நம் மலையில் விழுந்தால் கொழுந்து கருகிப் பழுப்பாகிவிடும். அந்த மலையில் நிறை குறையும், நிறை குறைந்தால் அரைப்பேர். இதில் கெமராக்காரர் மேல் குற்றம் எதுவும் இல்லை. ஒரே பனியை இரண்டு பேர் இரண்டு விதமாகப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

படத்துக்கு வெளியே விடப்படுவது கொட்டகையும் ஆட்களும் மட்டுமல்ல. கண்டிக்குப் பக்கத்தில் திகன ரஜவெல்லையில் 1999இல் திறக்கப்பட்ட கோல்ப் மைதானம் இருக்கிறது. அதன் படங்களில் பச்சைக்கு அப்பால் நீலமாக விரிந்து கிடப்பது விக்டோரியா நீர்த்தேக்கம். மகாவலியை மறித்துக் கட்டிய அந்த அணை 1985இல் திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது. மின்சாரம் நமக்கும்தான் வந்தது, மறுக்கவில்லை. படத்தைப் பார்க்கிறவருக்குத் தெரிவது நீலம் மட்டுமே என்பதைச் சொல்கிறோம்.

கலண்டரின் அடுத்த தாளைப் புரட்டினால் நம் தேயிலை மலை. எடுத்த விதம் அச்சொட்டாக அதே விதம். அதே காலை வெளிச்சம், அதே உயரமான இடம். தேயிலை நிரைகளுக்கு இடையில் விழுந்திருக்கும் நிழல் மைதானத்துப் பட்டைகள் போலவே ஓடுகிறது. மட்டமாக வெட்டிய புல்லும் மட்டமாகக் கொழுந்தெடுத்த மலையும் தூரத்தில் ஒன்றுபோல் தெரியக் காரணம் இரண்டிலும் கை பட்டிருப்பதுதான். லயம் படத்துக்குள் வராது. கூரைத் தகரத்தின் மேல் வைத்த கல்லும் பழைய டயரும் வராது. வந்தாலும் தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாக வரும்.

ஒரு வித்தியாசம் உண்டு. கோல்ப் படத்தில் வேலையாளை மறைக்கிறார்கள், தேயிலைப் படத்தில் வேலையாளுக்கு வேஷம் போடுகிறார்கள். எங்கள் தோட்டத்துக்கும் ஒரு தடவை வந்தார்கள், யாரென்று எழுத வேண்டியதில்லை. இடுப்பில் படங்கு கட்டி, தலையில் துண்டு சுற்றி, முதுகில் சாக்குப் பையோடு நின்ற பெண்களைப் பார்த்து முகம் சுளித்தார்கள். சாக்கு வேண்டாம், பிரம்புக் கூடை வேண்டும் என்றார்கள். கூடை இப்போது யாரிடம் இருக்கிறது? எங்கேயோ தேடி நான்கு கூடை வந்தது. நல்ல சேலை உடுத்தி வரச் சொன்னார்கள். அட்டை கடிக்குப் பூசிய சவர்க்காரத்தைக் காலிலிருந்து கழுவச் சொன்னார்கள். காலையில் இரண்டரை மணித்தியாலம் அதிலேயே போயிற்று. மத்தியானம் நிறுவையில் நிறை குறைந்தபோது, படம் எடுத்த கதை கணக்கில் ஏறவில்லை. ஆளுக்கு ஐந்நூறு ரூபா கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் அந்தப் படம் எந்தத் தேயிலைப் பெட்டியில், எந்த விளம்பரத்தில், எத்தனை வருடத்துக்கு ஓடுகிறது என்று அந்த நான்கு பேருக்கும் இன்றுவரை தெரியாது.

இது புதுப் பழக்கமும் இல்லை. பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற அம்மாவின் கல்லறை இருக்கிறது. உலகத்தின் பெரிய புகைப்படக் கலைஞர்களில் ஒருவராக அவரைச் சொல்கிறார்கள். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் வந்தவர், 1879இல் டிக்கோயாவில் காலமானார். இங்கிலாந்தில் இருந்தபோது அவர் எடுத்த பெரிய மனிதர்களின் படங்களுக்குக் கீழே பெயர் இருக்கிறது. இங்கே எடுத்த படங்களில் எஞ்சியிருப்பது கொஞ்சம். அவற்றில் ஒன்றின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர் கூட்டம்' என்ற கருத்தில் இருக்கிறது. நிற்கிறவர்கள் யார், பெயர் என்ன என்பது தலைப்பில் இல்லை. அந்தப் பக்கம் போகிற தோழர்கள் கல்லறையை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம், பஸ் பாதைக்குக் கிட்டத்தான்.

இனி எங்கள் லயத்துக்கு வருவோம்.

வருடக் கடைசி மழைக்குப் பிறகு எங்கள் லயத்துக்குப் பின்னாலுள்ள நிலம் இறங்கத் தொடங்கியது. கடைசிக் காம்பிராவின் பின்சுவரில் வெடிப்பு விழுந்தது. கதவு நிலையில் சிக்கத் தொடங்கியது. தோட்டக் கமிட்டி கூடிக் கடிதம் எழுதினோம். பதினொரு படம் எடுத்துக் கடிதத்தோடு இணைத்து இரண்டு இடத்துக்குக் கொடுத்தோம். ஓரிடத்தில் பதிலே இல்லை. மற்ற இடத்தில், "படத்தில் சொல்லும்படியாக ஒன்றும் தெரியவில்லையே" என்று சொல்லிக் கடிதத்தைக் கோப்பில் போட்டுவிட்டார்கள். கோபம் வந்தது. ஆனால் திரும்பி வந்து நாமே படங்களைப் பார்த்தபோது அவர் சொன்னதிலும் பிழை இல்லை என்று தெரிந்தது. ஒரு வெள்ளைச் சுவர், அதில் மயிரிழைபோல் ஒரு கோடு. கொஞ்சம் பச்சை நிலம். கோல்ப் மைதானம் மத்தியானத்தில் தெரிவதுபோல் தட்டையாக.

பொங்கலன்று தம்பி அந்தப் படங்களைப் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"அண்ணே, இத எத்தன மணிக்கு எடுத்தீங்க?"

"ஞாயித்துக்கெழம, சாப்பாட்டுக்குப் பொறகு."

"அதான். அந்த நேரத்துல புல்லே படமாகாதுண்ணே, வெடிப்பு எங்க படமாகப் போகுது."

மறுநாள் விடிந்ததும் போனோம். எங்கள் லயத்தின் பின்சுவர் தெற்குப் பார்த்தது. தை மாதச் சூரியன் தென்கிழக்கில் எழும்புவதால் வெளிச்சம் அந்தச் சுவரில் நேராக விழாமல் உரசிக்கொண்டு போகும். மலை மறைத்ததால் ஏழு மணி வரைக்கும் காத்திருந்தோம். வெயில் வந்து சுவரைத் தொட்டதும் எங்களுக்கே திக்கென்றது. மயிரிழை என்று நினைத்தது வெடிப்பு மட்டுமல்ல. வெடிப்பின் ஒரு பக்கச் சுவர் மறு பக்கத்தைவிட முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்றது. அந்தத் தள்ளலின் நிழல் மேலிருந்து கீழ்வரை கறுப்பாக விழுந்திருந்தது. பிறகு மேல் ரோட்டு வளைவிலுள்ள பெரிய கல்லின் மேல் ஏறி நின்று லயத்தை எடுத்தோம். பின்னாலுள்ள நிலத்தில் ஐந்து காம்பிரா நீளத்துக்கு அரிவாள்போல் வளைந்த ஒரு பள்ளம் தெரிந்தது. தினமும் அதன் மேல்தான் நடக்கிறோம். தண்ணீர்க் குடத்தோடு, பிள்ளையோடு, விறகோடு. நடந்து போகும்போது தெரியாத வளைவு அது.

அந்தப் படங்களில் ஐந்தை மட்டும் எடுத்துப் பழைய கடிதத்தின் பிரதியோடு மறுபடி கொடுத்தோம். பெப்ரவரி நடுவில் இரண்டு உத்தியோகத்தர்கள் வந்தார்கள். அளந்தார்கள், இரண்டு இடத்தில் முளை அடித்தார்கள். மழை பிடித்தால் கடைசி இரண்டு குடும்பமும் பாடசாலைக்குப் போய்விட வேண்டும் என்று வாயால் சொன்னார்கள். எழுத்தில் இன்னும் ஒன்றும் வரவில்லை. வெற்றி என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு விருப்பமில்லை. ஆட்கள் வந்து பார்த்தார்கள், அது மட்டும் நடந்தது.

மீரியபெத்தையை நாம் யாரும் மறக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மலை இறங்கி லயங்களை மூடியது. அங்கே ஆபத்து இருக்கிறது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததாகப் பிறகு செய்திகளில் படித்தோம். எச்சரிக்கை கடதாசியில் இருந்தது, ஆட்கள் லயத்தில் இருந்தார்கள். படம் ஒன்று இருந்திருந்தால் மலை நின்றிருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. கோப்பில் கிடக்கும் கடதாசியை ஒருவர் கையில் எடுத்துப் பார்க்க வைப்பதற்குப் படம் உதவும் என்பதைத்தான் எங்கள் லயத்தில் கண்டோம்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் போன் வைத்திருக்கும் இரண்டு பிள்ளைகளாவது இந்த வேலையைப் பழக வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம். கோல்ப் கெமராக்காரர் செய்வதையேதான் செய்யச் சொல்கிறோம். காலையிலோ பின்னேரமோ வெளிச்சம் சாய்ந்திருக்கும்போது எடுங்கள், சூரியன் தோள் பக்கமாக இருக்கட்டும். நிலத்தை எடுப்பதற்கு ஏணி தேவையில்லை. நம் ஊரில் உயரத்துக்குப் பஞ்சமா? எதிர் மலையிலோ மேல் ரோட்டிலோ நின்றால் போதும். காம்பிராவுக்குள் வெயில் வராது என்றால் டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடியுங்கள். சுவரின் வீக்கமும் வெடிப்பும் அப்படியே எழும்பித் தெரியும்.

கோல்ப்காரருக்குத் தேவைப்படாத சில காரியங்கள் நமக்குத் தேவை. போனைச் சாய்க்காமல் நேராகப் பிடிக்க வேண்டும்; படம் சாய்ந்திருந்தால் சுவர் சாய்ந்ததை யாரும் நம்ப மாட்டார்கள். வெடிப்பின் பக்கத்தில் தீப்பெட்டியோ அடிமட்டமோ வைத்து எடுத்தால் அளவு தெரியும். வெடிப்பு முடிகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு கீறித் திகதி எழுதுங்கள். அடுத்த மாதம் வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் அதைவிடப் பேசும் சாட்சி வேறில்லை. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நின்று எடுக்க வேண்டும். நாங்கள் அந்தக் கல்லில் சுண்ணாம்பால் ஓர் அடையாளம் போட்டிருக்கிறோம். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கித் தெளிவு போய்விடும், கோப்பாக இணைத்து அனுப்பினால் அப்படியே போகும். மூலப் படத்தை அழிக்காதீர்கள். சுவரும் நிலமும் மட்டுமல்ல. சாய்ந்த மின்கம்பம், புதிதாகக் கலங்கலாக ஊறும் ஊற்று, திடீரென்று வற்றிப்போன பீலி, இவையும் நிலம் நகர்வதன் அறிகுறிகள். அவற்றையும் எடுங்கள்.

மழை கொட்டும்போது யாரும் படம் எடுக்கப் போகக் கூடாது. சிவப்பு எச்சரிக்கை வந்தால் போனையும் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும், அவ்வளவுதான். 117க்கு அழைக்கலாம். படம் எடுக்க வேண்டிய காலம் மழைக்கு முந்தியது.

இதற்கு இரண்டு எதிர்ப்பேச்சு எங்கள் கூட்டத்திலேயே வந்தது. வந்து பார்க்க வேண்டியது உத்தியோகத்தரின் கடமை, தொழிலாளி ஏன் கெமராக்காரராக வேண்டும் என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. கடமை அவர்களுடையதுதான், அதை நாம் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் சம்பளத்திலும் இப்படித்தானே? கணக்கு எழுதுவது அவர்கள் வேலை என்றாலும் நம் பெண்கள் தங்கள் கிலோவைத் தனியாகக் கொப்பியில் எழுதி வைக்கிறார்கள். அந்தக் கொப்பி எத்தனை தடவை கை கொடுத்திருக்கிறது!

மற்றது ஓர் அக்கா சொன்னது. "நம்ம கஷ்டத்தப் படம் புடிச்சி ஊரு முழுக்கக் காட்டுறதா?" என்றார். அவர் கோபத்தில் அர்த்தம் இருக்கிறது. உதவி செய்கிறோம் என்று வந்து, மூக்கொழுகும் பிள்ளையையும் அடுப்படிப் புகையையும் தேடித் தேடி எடுத்துப் போனவர்களை நாம் பார்த்திருக்கிறோம். கலண்டர்ப் படம் நமக்குப் பட்டுச் சேலை கட்டியது என்றால் இவர்கள் படம் நமக்குக் கந்தல் கட்டியது. இரண்டிலும் நம்மைக் கேட்கவில்லை. நாம் எடுக்கச் சொல்லும் படம் இந்த இரண்டும் இல்லை. அதில் பிள்ளையின் முகம் வேண்டாம், அழுகை வேண்டாம். சுவர், நிலம், திகதி, அளவு போதும். அந்த அக்காவின் காம்பிராவை அவர் சம்மதம் கேட்டுத்தான் எடுத்தோம். எடுக்க முன்பு அவர் முற்றத்தைக் கூட்டினார், அதை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. கூட்டிய முற்றத்திலும் வெடிப்பு வெடிப்பாகவே தெரிந்தது.

வியாபாரத்துக்காகத் தோட்டத்துக்குள் வந்து எடுக்கும் படங்களைப் பற்றியும் சங்கம் பேச வேண்டும். கூட்டு ஒப்பந்தப் பேச்சில் சம்பளத்துக்கு முன்னால் இதை வைக்கச் சொல்லவில்லை. ஆனால் கடைசி வரியாகவாவது வைக்கலாம். தொழிலாளியின் சம்மதம் கேட்காமல் எடுக்கக் கூடாது. மறுத்தவரை மறு வேலைக்கு மாற்றி வஞ்சம் தீர்க்கக் கூடாது. படத்துக்காக நின்றவருக்கு அன்றைக்கு நிறை பாராமல் முழுப்பேர் போட வேண்டும். படம் எதற்குப் போகிறது என்று சொல்லி, அதற்குரிய பணத்தை அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். பிள்ளை மடுவத்துக்குள் கெமரா கூடவே கூடாது. இது எங்கள் தோட்டக் கமிட்டியின் முடிவு, மாவட்டக் கூட்டத்தில் மற்றத் தோட்டத் தலைவர்மாரும் தங்கள் கருத்தைச் சொல்லட்டும்.

கோல்ப் மைதானத்துத் தம்பி திரும்ப வேலைக்குப் போய்விட்டார். போன கிழமை ஒரு படம் அனுப்பியிருந்தார். பனி விலகாத புல்லின் மேல் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு அவரும் கூட வேலை செய்கிற மூன்று பேரும் நிற்கிறார்கள். பின்னால் பட்டைகள் ஓடுகின்றன. கொடிக்குப் பக்கத்தில் நின்று அவர்களே எடுத்துக்கொண்டதாம், கெமராக்காரர் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பு. நல்ல வெளிச்சம்.

மார்ச் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மூன்றாவது தடவையாக அந்தக் கல்லின் மேல் ஏறப் போகிறோம். சித்திரை பிறந்தால் சூரியன் வடக்கே போய்விடும், பின்சுவருக்குக் காலை வெயில் கிடைக்காது, பிறகு டோர்ச்தான். கடைசிக் காம்பிராச் சுவரில் பென்சில் கோடு அப்படியே இருக்கிறது. வெடிப்பு அதைத் தாண்டி வந்திருக்கிறதா என்று அன்றைக்குப் பார்ப்போம்.